எதற்கு மாக், எதற்கு ஸ்டப்: கோபிசெட்டிபாளையத்துக்கு ஒரு கடிதம்

சரவணம்பட்டி

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் கிடைத்தது. மாமா விரலி மஞ்சளை மட்டும் ஈரோட்டு ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, கிழங்கை விலை ஏறட்டும் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் கணக்கு பெரும்பாலும் தப்பாது. எல்லாவற்றையும்விட எனக்குச் சந்தோஷம், பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நீ திரும்பவும் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதுதான். அதுவும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர், கோபியில் வீட்டில் இருந்தபடியே. இங்கே எல்லாம் பழையபடிதான், சத்தி ரோட்டு நெரிசல் உட்பட.

சரி, எதற்கு மாக், எதற்கு ஸ்டப் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டுமே டெஸ்ட் ஓட்டும்போது நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதிலாக நாம் வைக்கும் பொம்மைகள்தான். ஈ-வே பில், அதாவது சரக்கு லாரிக்கு அரசு போர்ட்டலில் எடுக்கும் மின்னணுச் சீட்டு, எழுப்பும் ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு ஏழு மாக் வைத்திருக்கிறார்கள், உள்ளே ஒரு வரியை இடம் மாற்றினால் பாதி டெஸ்ட் தோற்றுச் சிவப்பாகிறது, ஆனால் நிஜமாகவே கணக்கு தப்பியபோது ஒன்றுகூடச் சிவக்கவில்லை என்கிறாய். இதை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்த டெஸ்ட்டுகள் உன் புரோகிராமைச் சோதிக்கவில்லை, அது எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சோதிக்கின்றன.

ஸ்டப் என்பது கேட்டதற்குப் பதில் கொடுக்கும் பொம்மை. ‘இன்று என்ன தேதி’ என்று கேட்டால், நாம் சொல்லிவைத்த தேதியைத் திருப்பித் தரும். டெஸ்ட் முடிந்ததும் உன் புரோகிராம் தந்த விடை சரியா என்றுதான் பார்ப்போம், ஸ்டப்பை யாரும் விசாரிப்பதில்லை. மாக் அப்படி இல்லை. ‘இந்த மெத்தடை, இந்த மதிப்புகளோடு, ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கும். கூப்பிடாவிட்டாலும் இரண்டு தடவை கூப்பிட்டாலும் டெஸ்ட் விழும். ஆக ஸ்டப் வைத்தால் விடையைப் பார்க்கிறோம், மாக் வைத்தால் நடந்த பேச்சைப் பார்க்கிறோம். ஜெரார்ட் மெசாரோஸ் 2007-இல் டெஸ்ட் எழுதுவது பற்றிய தன் புத்தகத்தில் இந்தப் பொம்மைகளை, டம்மி, ஃபேக், ஸ்பை என்று இன்னும் மூன்றையும் சேர்த்து ஐந்தாகப் பிரித்தார். அன்றாட வேலைக்கு ஸ்டப், மாக் இரண்டின் வித்தியாசம் பிடிபட்டால் போதும் என்பது என் எண்ணம்.

உன் ஈ-வே பில்லையே எடுத்துக்கொள். சரக்கு மதிப்பு வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாயையும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தையும் தாண்டினால் பில் வேண்டும். இந்த முடிவை எடுக்கும் பகுதிக்கு எந்தப் பொம்மையும் தேவையில்லை. எண்ணைக் கொடு, விடையைப் பார், அவ்வளவுதான். பில்லின் செல்லுபடி எப்போது முடிகிறது என்று பார்க்க மட்டும் கடிகாரத்துக்கு ஒரு ஸ்டப் வை, இல்லாவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணியைச் சோதிக்க நீ விழித்திருக்க வேண்டும். அரசு போர்ட்டலுக்குக் கோரிக்கை அனுப்பும் இடத்தில்தான் மாக்குக்கு உண்மையான வேலை. நெட் திக்கித் திணறி, பயனர் பட்டனை இரண்டு தடவை அழுத்தினாலும், ஒரு லோடுக்கு ஒரு பில்தான் போக வேண்டும். இரண்டு போய்விட்டால் ஒன்றை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய ஓட வேண்டும். அங்கே கூப்பிடுவதே விஷயம் என்பதால், கூப்பிட்டதை எண்ணுவது நியாயம். மீதி ஆறு மாக்கில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு நிஜ ஆப்ஜெக்டுகளையே போடலாம் என்று நினைக்கிறேன்.

மாக் பிறந்த கதை உனக்குப் பிடிக்கும். லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற கம்பெனியில் ஜான் நோலன், ‘கெட்டர் மெத்தடே இல்லாமல் எழுதுங்கள் பார்க்கலாம்’ என்று தன் ஆட்களுக்குச் சவால் விட்டார். கெட்டர் என்பது ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் மதிப்பை வெளியே எடுத்துத் தரும் மெத்தட். ஆப்ஜெக்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வழியில்லாவிட்டால் எப்படிச் சோதிப்பது? அது பக்கத்து ஆப்ஜெக்டிடம் என்ன சொல்கிறது என்று ஒட்டுக்கேட்கத்தான் வேண்டும். அதிலிருந்து வந்த யோசனையை டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் மூவரும் 2000-இல் கட்டுரையாக்கினார்கள். அதாவது, டெஸ்ட்டை வேகமாக ஓட்டும் உபாயமாக மட்டும் மாக் வரவில்லை. யார் யாரிடம் பேச வேண்டும் என்று வடிவமைப்பதற்கான கருவியாகவும் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஏழு மாக் தேவைப்படுகிறது என்றால் அந்த ஃபங்ஷன் ஏழு பேரிடம் பேசுகிறது. டெஸ்ட்டைத் திட்டாமல் ஃபங்ஷனைப் பிரி.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் ஒன்று. வெளியாருடைய சர்வருக்கு நாம் எழுதும் ஸ்டப், அந்தச் சர்வரைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கை மட்டுமே. அவர்கள் மாறினால் ஸ்டப்புக்குத் தெரியாது. ஈ-வே பில் செல்லுபடி முன்பு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள், 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழைய கணக்கில் நான்கு நாள், புதிய கணக்கில் இரண்டே நாள். 2020-இல் எழுதிய ஸ்டப் இன்றும் நான்கு நாள் என்றே பதில் தரும், டெஸ்ட் எல்லாம் பச்சையாக ஓடும், லாரி மட்டும் மூன்றாம் நாள் செக்கிங்கில் நிற்கும்.

மண்டியில் தராசு நன்றாகத்தான் ஓடுகிறது என்று விட்டுவிடாமல், முத்திரை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பார்கள் அல்லவா? ஸ்டப்புக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டும். ஸ்டப்பிடம் கேட்கும் அதே கேள்விகளை நிஜ சர்வரின் சோதனைத் தளத்திடமும் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒரு சின்னத் தொகுப்பு. இதை கான்ட்ராக்ட் டெஸ்ட் என்பார்கள். கோடில் செய்யும் மாற்றத்தைப் பதிவு செய்யும் ஒவ்வொரு கம்மிட்டுக்கும் ஓட்ட வேண்டாம், ராத்திரியில் ஒரு தடவை ஓடினால் போதும். உன் டீமில் இது இல்லை என்றால், மாக்கைக் குறைப்பதற்கும் முன்னால் இதைத்தான் எழுதச் சொல்வேன்.

நீங்கள் பைத்தானில் எழுதுவதால் இன்னொன்று. பைத்தான் 3.3-இலிருந்து அதோடு கூடவே வரும் மாக் லைப்ரரி ரொம்ப நல்ல பிள்ளை, எந்தப் பெயரில் மெத்தடைக் கேட்டாலும் இருக்கிறது என்று தலையாட்டும். நிஜ கிளாஸில் அந்த மெத்தடின் பெயரை மாற்றிவிட்டால்கூட டெஸ்ட் வாய் திறக்காது. மாக்கை நிஜ கிளாஸின் அச்சிலேயே செய்யும் ஆட்டோஸ்பெக் என்ற வசதியைப் போட்டால், நிஜ கிளாஸில் இல்லாத பெயரையும் பொருந்தாத ஆர்கியுமெண்ட்டையும் மறுத்துவிடும். அதைப் போடாத மாக்கை நான் ரிவ்யூவில் விடுவதே இல்லை.

அப்புறம், பங்குனித் தேருக்கு ஊருக்கு வருகிறேன், ஒரு நாள் கோபிக்கும் வருவேன். லேப்டாப்பைத் தயாராக வைத்திரு, அந்த ஏழு மாக் ஃபங்ஷனைச் சேர்ந்தே பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை: உங்கள் ஸ்டப் பதில்கள் எல்லாம் எந்த மாதம் போர்ட்டலிலிருந்து எடுத்தவை என்று, கோடின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி