பையனுக்கு ஐஸில் நேரம் கொடுங்கள், இல்லையென்றால் வழிவிடுங்கள்

ரஷ்ய ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும், ரஷ்யாவை மையமாகக் கொண்ட ஹாக்கி லீக்கான கே.எச்.எல்.லின் கிளப் மேலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஹாக்கி லீக்கில், இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர டிராஃப்டில் ஏதாவது ஒரு அணி பெயரைச் சொல்லி எடுத்துவிட்டால், பதினெட்டு வயது ரஷ்யப் பையனுக்கு அன்றைக்கே ஒரு குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது. ஊரிலேயே இருந்து கே.எச்.எல்.லில் ஆடுவதா, கடல் தாண்டிப் போவதா? அந்த முடிவை அவனும் அவன் வீட்டாரும் எடுக்கட்டும். அவன் பயந்துபோய் முடிவெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் கனடாவின் மொன்றியலில் இருக்கும் ரசிகன். இளம் ரஷ்ய வீரர் இவான் டெமிடோவ் எங்கள் ஊர் என்.எச்.எல். அணிக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் அவர் வந்த கதையில் உங்களுக்கு நஷ்டம் இருக்கிறது. அதை நீங்களே தேடிக்கொண்டீர்கள்.

2024 டிராஃப்டில் ஐந்தாவது ஆளாக மொன்றியல் அவரை எடுத்தது. அடுத்த சீசன் முழுக்க அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்.கே.ஏ. அணியில்தான் ஆடினார். 65 ஆட்டங்களில் கோலும் அசிஸ்டுமாக (கோலுக்கு வழிசெய்த பாஸ்) 49 புள்ளிகள். இருபது வயது நிரம்பாத எவரும் கே.எச்.எல். சீசன் ஒன்றில் அவ்வளவு எடுத்ததில்லை. அதற்கு முந்தைய சாதனை கிரில் கப்ரிசோவின் 42. இப்படிப்பட்ட ஆளைப் பல நாட்கள் வழக்கமாக ஆடும் பன்னிரண்டு பேருக்கு மேல் உபரியான பதின்மூன்றாவது ஃபார்வர்டாக (முன்கள வீரராக) பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை தடுப்பைத் தாண்டி ஏறி இறங்குகிறார்கள். இவர் காத்திருக்கிறார். கால் விறைத்துப் போகிறது, ஆட்டத்தின் வேகம் உடம்பிலிருந்து இறங்கிவிடுகிறது. அப்புறம் திடீரென்று ஒரு ஷிஃப்ட் (ஐஸில் இறங்கி ஆட ஒரு சுற்று) கிடைக்கும், அதில் அற்புதம் பண்ண வேண்டும். பயிற்சியாளரின் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்களுக்கெல்லாம், 'போகப்போகிறவன்தானே' என்று ஒதுக்குவதாகத்தான் பட்டது. அந்தப் பையனுக்கும் அப்படிப் பட்டிருந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

2025 ஏப்ரல் 14 அன்று சிகாகோவுக்கு எதிராக அவர் மொன்றியலுக்காக முதன்முதலில் இறங்கினார். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதல் பீரியட் முடிவதற்குள் ஒரு கோல், ஒரு அசிஸ்ட். இங்கே யாரும் அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. அந்த ஆட்டமெல்லாம் உங்கள் ஊரில் கற்றதுதான்.

ஊரில் தங்கினால் வீணாகிவிடுவான் என்று நான் சொல்லவரவில்லை. கப்ரிசோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் மினசோட்டா அவரை 135-ஆவது ஆளாக எடுத்தது. அவசரப்படாமல் ஐந்து வருடம் ரஷ்யாவிலேயே ஆடினார். 2018 ஒலிம்பிக் இறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் தங்கத்தை வென்றுகொடுத்த கோலை அடித்தார். 2019-ல் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. அணியோடு கே.எச்.எல்.லின் ககாரின் கோப்பையை வென்றார். 2020-ல்தான் மினசோட்டாவுக்குப் போனார், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. ஆனால் அவர் தங்கியிருந்த வருடங்களில் ஆடிக்கொண்டே இருந்தார், பெஞ்சில் உட்கார்ந்து வருடத்தைக் கடத்தவில்லை.

போனவர்கள் எல்லாரும் ஜெயித்துவிடவும் இல்லை. நைல் யாகுபோவ் 2012 டிராஃப்டின் முதல் ஆள், 2018-ல் ரஷ்யா திரும்பிவிட்டார். வலேரி நிச்சூஷ்கின் டல்லஸில் ஆடிவிட்டு 2016-ல் ஊர் திரும்பினார். சி.எஸ்.கே.ஏ. அவரைச் சேர்த்துக்கொண்டது. 2018-ல் மறுபடி டல்லஸ் போய் 57 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. அப்புறம் கொலராடோவுக்கு மாறி, 2022-ல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ள ஒரு கிளப் இருந்ததே, அது எவ்வளவு பெரிய உதவி!

இப்போது சொல்லக் கசப்பான விஷயம். 2022 ஜூலை 1. கோல்கீப்பர் இவான் ஃபெடோடோவ் என்.எச்.எல். அணியான பிலடெல்ஃபியாவோடு ஒப்பந்தம் போட்டிருந்த நேரம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரைப் பிடித்து, வடகோடியில் இருக்கும் செவரோமோர்ஸ்க் கடற்படைத் தளத்துக்கு ராணுவச் சேவைக்கு அனுப்பினார்கள். 2024 மார்ச்சில்தான் அவரால் பிலடெல்ஃபியா போய்ச் சேர முடிந்தது. கட்டாய ராணுவச் சேவை உங்கள் நாட்டுச் சட்டம், 30 வயது வரைக்கும் இருக்கிறது. சரி. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு பையனின் அம்மாவும் என்ன நினைப்பார்? இங்கே இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வான், பதினேழு வயதிலேயே அனுப்பிவிடலாம் என்றுதான். பயமுறுத்தினால் பையன்கள் தங்கிவிடுவார்கள் என்று உங்களில் யாராவது நினைத்திருந்தால், நடப்பது அதற்கு நேர்மாறு. போதாக்குறைக்கு 2022-ல் உலக ஜூனியர் போட்டிகளின் கதவும் அவர்களுக்கு மூடப்பட்டது. தங்களைக் காட்டிக்கொள்ள அவர்களுக்கு மிச்சமானது உங்கள் ஆடுகளம்தான்.

இதெல்லாம் உங்களுக்குப் பழைய பாடம். 1989-ல் ஸ்டாக்ஹோமில் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்ற கையோடு இருபது வயது சோவியத் வீரர் அலெக்சாண்டர் மொகில்னி திரும்பி வராமல் அமெரிக்கா போய்விட்டார். அதற்கு முந்தைய வருடம், ஓகோன்யோக் வார இதழில் சோவியத் நட்சத்திர வீரர் இகோர் லாரியோனோவ் தன் பயிற்சியாளர் தீகோனோவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். வருடத்தில் பெரும்பகுதி குடும்பத்தைப் பிரித்து முகாமில் அடைத்து வைக்கிறீர்களே என்று வெளிப்படையாகக் கேட்டார். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மறுவருடம் அவர் வான்கூவரில் ஆடிக்கொண்டிருந்தார். அதே லாரியோனோவ் 2025-ல் எஸ்.கே.ஏ.வின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அறைக்குள் ஆள் இருக்கிறார், கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கோபத்தில் நியாயமான பகுதி அதுதான். சைபீரியாவின் நொவோகுஸ்னெட்ஸ்க், நிலக்கரி எடுத்து எஃகு தயாரிக்கும் ஊர். கப்ரிசோவ், கோல்கீப்பர் போப்ரோவ்ஸ்கி, டிஃபென்ஸ்மேன் ஒர்லோவ் மூவரும் அந்த ஊர்ப் பிள்ளைகள். அவர்களில் இருவர் ஸ்டான்லி கோப்பையை வென்றவர்கள். அந்த ஊர் அணியோ 2017-ல் கே.எச்.எல்.லை விட்டே வெளியேறிவிட்டது. ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நாடுகளோடு என்.எச்.எல். ஒப்பந்தம் வைத்திருக்கிறது, வீரர் போனால் அங்கே பணம் போகிறது. உங்களோடு அப்படி ஒன்று இல்லை. இரண்டு லீக்குகளுக்கும் இடையே இருந்த புரிந்துணர்வு ஒப்பந்தத்தையும் 2022-ல் என்.எச்.எல். நிறுத்திவைத்தது. அரசியல் சூழல் தெரியாமல் பேசவில்லை. ஆனாலும் பேச்சைத் தொடங்கி வையுங்கள். வரும் பணம் பெரிய கிளப்பின் பெட்டிக்குப் போகாமல், பையனுக்கு ஆறு வயதில் ஸ்கேட் கட்டிவிட்ட பள்ளிக்குப் போக வேண்டும் என்று இப்போதே விதி எழுதுங்கள்.

அதுவரை, யாரையும் கேட்காமல் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் பையனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கும், எந்த வரிசையில், பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்) இடம் உண்டா என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னபடி ஆட விடுங்கள். தங்கினால் கட்டிப்பிடித்து வரவேற்றுக்கொள்ளுங்கள். போகிறேன் என்றால், 2024-ல் எஸ்.கே.ஏ.வின் இளம் வீரர் மத்வே மிச்கோவை இரண்டு வருட ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போதே விடுவித்தீர்களே, அதே பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
மொன்றியலிலிருந்து ஒரு ஹாக்கி ரசிகன்