ரோலர் கோஸ்டர் எப்போது திறக்கும்? டிக்கெட் கவுண்டரிலேயே சொல்லுங்கள்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பூங்காவின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. இரண்டு பத்தி படித்தாலே யாருக்கு எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களில் இருக்கும் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள். லேத் பட்டறைக்காரர், வள்ளம் கட்டும் ஆசாரி, கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. உங்கள் பெரிய ரோலர் கோஸ்டர் எப்போது நின்றது, ஏன் நின்றது, அதன்பின் என்னென்ன தேதி சொன்னீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை.

கடந்த மே விடுமுறையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தக்கலையிலிருந்து வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வந்தோம். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால்தான் காலையில் கேட் திறக்கும் நேரத்துக்கு எங்களால் வந்து சேர முடியும். கவுண்டரில் ஆளுக்கு முழு டிக்கெட் எடுத்தோம். கையில் பட்டை கட்டினார்கள். பையைச் சோதித்துப் புளிச்சோற்றை வெளியே வைக்கச் சொன்னார்கள். விதி என்றால் சரி, வைத்தோம். அத்தனை நேரத்தில் ஒருவர்கூட, ஒரு தாளில்கூட, பெரிய கோஸ்டர் இன்று ஓடாது என்று சொல்லவில்லை.

அலைக்குளத்தைத் தாண்டிப் போன பிறகுதான் பார்த்தோம். முதல் ஏற்றத்தின் அடியில் நீலத் தார்ப்பாய். வரிசை நிற்கும் கம்பிகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல். வாசலில் ஒரு பலகை: 'மராமத்துப் பணி நடைபெறுகிறது, ...... மாதம் திறக்கப்படும்' என்று. மாதத்தின் பெயர் மட்டும் ஸ்டிக்கர். அதன் ஓரம் வெயிலில் பிய்ந்து சுருண்டிருந்தது. உள்ளே இன்னொரு மாதம், அதற்கும் அடியில் வேறொரு மாதம். எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டியிருந்த மாதம் மார்ச். நாங்கள் நின்றுகொண்டிருந்தது மே மாதத்தில்.

என் அக்கா மகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த கோஸ்டரில் ஏற 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பது உங்கள் விதி. முன்பு ஒருமுறை வந்தபோது அளவுகோலுக்குக் கீழே நின்றாள். உங்கள் ஊழியர் அன்பாகத்தான் சொன்னார், வளர்ந்து வா என்று. வீட்டுக்குப் போனதும் கதவு நிலையில் பென்சிலால் 140-க்கு ஒரு கோடு போட்டாள். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அந்த நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் ஸ்கேலை வைக்கச் சொல்லி அளந்துகொண்டாள். பால் குடிக்க மாட்டேன் என்றவள் குடித்தாள். கோட்டைத் தாண்டிய அன்று நான் வேலை பார்க்கும் பட்டறைக்கே போன் போட்டு, "இப்பம் விடுவாங்கல்லா மாமா?" என்றாள். விடுவார்கள் என்றேன். மே மாதம் அந்தப் பலகை முன்னால் நின்றபோது அவள் அழவில்லை. பக்கத்திலிருந்த அளவுகோலில் போய் நின்று, தான் எட்டிவிட்டதை எனக்குக் காட்டினாள். அங்கே பார்ப்பதற்கு ஊழியர் யாரும் இல்லை. காவலாளி மட்டும், "அடுத்த மாசம் வந்துருங்க சார், முடிஞ்சிரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கோஸ்டர் மூடியிருந்தால் டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். என்ன வேலை நடக்கிறது, எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மராமத்து வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆறு மாதம் ஆனாலும், ஒரு வருடம் ஆனாலும் சரியாகச் செய்யுங்கள். நான் லேத்தில் நிற்பவன், தேய்ந்த பேரிங்கும் விரிசல் விட்ட ஷாஃப்டும் என்ன செய்யும் என்று தெரியும். ஷாஃப்டில் சிவப்புச் சாயத்தைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும். அப்படி ஒரு கோட்டைப் பார்த்த பிறகு அதைத் திரும்ப மாட்டி ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. கோஸ்டர் பெட்டிக்குத் தண்டவாளத்தின் மேலே ஓடும் சக்கரம், பக்கத்தில் உரசும் சக்கரம், தண்டவாளத்துக்கு அடியில் பிடித்துக்கொள்ளும் சக்கரம் என்று மூன்று வகை உண்டு. அடியில் இருக்கும் சக்கரம்தான் பெட்டி மேடு தாண்டும்போது பறந்துவிடாமல் காப்பது. அமெரிக்காவில் ஜான் மில்லர் என்ற கோஸ்டர் வடிவமைப்பாளர் 1919-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் நாங்கள். சக்கரம் மாற்றுகிறோம், வெல்டிங் சோதிக்கிறோம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டுக் காத்திருப்போம்.

எங்களில் பலருக்கு உயிர், மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர்கள். நேரில் ஏறியவர் யாருமில்லை, வீடியோவில் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். ஏழெட்டு அடுக்குப் பலகையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, மேலே இரும்புப் பட்டை அடித்து அந்தத் தண்டவாளத்தைச் செய்கிறார்கள். பூங்கா மூடும் குளிர்காலத்தில் தச்சர்கள் மேலே ஏறி, உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுப் பலகை போடுகிறார்கள். குளச்சல் ஆசாரி அண்ணாச்சி ஒருநாள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, வள்ளத்தில் பழுதான அயனிப் பலகையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கிற அதே வேலைதான் இது என்றார். அன்று முதல் எங்கள் பேச்சில் பாதி மராமத்தைப் பற்றித்தான். மரத்தை மரமாகவே வைத்துச் சரிசெய்வதா, இரும்புத் தண்டவாளம் போட்டு மாற்றுவதா என்று டீக்கடையில் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். மரமே வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் ஓஹியோவில் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 'தி பீஸ்ட்' என்று ஒரு மரக் கோஸ்டர், 1979-இல் திறந்தது. 2022 சீசனுக்கு முன் அதில் 2,000 அடிக்கும் மேல் தண்டவாளத்தை மாற்றினார்கள். எத்தனை அடி மாற்றுகிறோம், முதல் இறக்கம் எவ்வளவு செங்குத்தாகிறது என்பதை ரசிகர்களுக்கு அவர்களே சொன்னார்கள். அதனால்தான் தக்கலையில் இருக்கும் எங்களுக்குக்கூடத் தெரியும். ஜப்பானில் நகாஷிமா ஸ்பா லேண்டின் 'ஒயிட் சைக்ளோன்' 2018 ஜனவரியில் கடைசியாக ஓடியது. அதன் மரச் சட்டத்தின்மேல் இரும்புத் தண்டவாளம் போட்டு 'ஹகுகெய்' என்ற பெயரில் 2019 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். அந்த மாற்றம் எனக்குப் பிடிக்காதுதான், ஆனால் பதினான்கு மாதத்தில் வேலை முடிந்தது. ஜெர்மனியின் 'கொலோசஸ்' கிட்டத்தட்ட மூன்று வருடம் மூடிக் கிடந்து, 2019-இல் புது மரத் தண்டவாளத்தோடு வந்தது. ஆகவே காலம் பிடிக்கும் என்பது எங்களுக்குப் புரியும். இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையில் 1923-இல் கட்டிய 'பிக் டிப்பர்', நியூயார்க் கோனி ஐலண்டில் 1927-இல் கட்டிய 'சைக்ளோன்' இரண்டும் உப்புக்காற்றில் நின்றுகொண்டு இத்தனை வருடம் ஓடியிருக்கின்றன. வருடா வருடம் யாரோ ஏறிப் பார்க்காமல் இது நடக்காது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கு உப்புக்காற்றால் கேடு வரக்கூடாது என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை காகிதக் கூழ் பூசி உப்பை எடுத்து, ரசாயனக் கலவை பூசுகிறார்கள். 2022-இல் அந்த வேலை தொடங்கி, மறு வருடம் சிலைக்கு மறுபடி ஆட்களை விட்டார்கள். வேலை நடந்த காலத்தில் சிலைக்குப் படகு கிடையாது, விவேகானந்தர் பாறைக்கு மட்டும்தான் என்று செய்தியிலேயே வந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிப் போனோம். கடலுக்கு நடுவில் செய்கிற வேலையைப் பற்றியே ஊருக்குச் சொல்ல முடிகிறது. உங்கள் கேட்டுக்குள் நடக்கும் வேலையைச் சொல்ல முடியாதா?

எங்கள் கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கிறது. குமரி மாவட்டத்துக்காரன் எதற்கும் மாவட்டம் தாண்டித்தான் போக வேண்டும். விமானம் ஏற வேண்டுமா, திருவனந்தபுரம். பெரிய வைத்தியமா, அதற்கும் பெரும்பாலும் அங்கேதான். பிள்ளைகளுக்கு ஒரு பெரிய ராட்டினம் காட்ட வேண்டுமா, ராத்திரி முழுக்க வண்டியில் போக வேண்டும். நாடெங்குமிருந்து ஆட்கள் எங்கள் கடலைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், சங்குத்துறை மணல். அதெல்லாம் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கோஸ்டர் மேட்டின் உச்சியில் பெட்டி ஒரு கணம் நின்று வயிறு மேலே எழும்பும் அந்த அனுபவம் இங்கே கிடைக்காது. களியக்காவிளை நான்குவழிச் சாலை விஷயத்தில் 'விரைவில்' என்ற சொல்லை வருடக்கணக்காகக் கேட்டுச் சலித்தவர்கள் நாங்கள். அதே சொல்லை, முழுக் கட்டணம் கொடுத்த பூங்காவிலும் கேட்க வேண்டியிருப்பது பொறுக்கவில்லை. நாங்கள் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களுக்கும் அந்த ஒற்றைச் சொல்தான் பதிலாக வந்தது.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். மரியாதையோடு திரும்பவும் கேட்கிறேன். கோஸ்டர் ஓடாத நாளில், டிக்கெட் கவுண்டர் கண்ணாடியிலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இணையத்தில் டிக்கெட் எடுக்கும் பக்கத்திலும் பணம் கட்டும் முன் அது கண்ணில் பட வேண்டும். என்ன வேலை முடிந்தது, என்ன பாக்கி என்பதை மாதம் ஒருமுறை நாலு வரியில் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால், எந்த உதிரிபாகம் வரவில்லை, எந்தச் சோதனை பாக்கி என்று காரணத்தைச் சொல்லித் தள்ளிப்போடுங்கள். பெரிய கோஸ்டர் இல்லாத நாளில் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறோம். முடியாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். இனிமேல் வருடாந்திர வேலைகளைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொண்டால் நல்லது. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் நேரம், கூட்டம் குறைவு, மழையும் இருக்காது, பெயின்ட் காயும்.

இன்னொன்று. அக்கா மகள் இப்போது எட்டாம் வகுப்பு. பள்ளி அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வரும். வேன் பேச வேண்டும், பட்டறையில் லீவு சொல்ல வேண்டும், அக்கா வீட்டில் பணம் எடுத்து வைக்க வேண்டும். அதற்குள் கோஸ்டர் தயாராகுமா என்பதை நவம்பருக்குள் தெரியப்படுத்துங்கள். ஆகாது என்றாலும் தெரியப்படுத்துங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
குமரி மாவட்ட ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் சார்பாக,
லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
நாகர்கோவில்.