தாத்தாவின் பெயரைச் சொன்னவருக்கு

உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், காஞ்சனபுரியில் நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நடுராத்திரியிலும் போனை எடுத்துப் பேசியவர்கள் நீங்கள்தானே. பணம் அனுப்பியவர்கள், முன்பின் தெரியாத எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்கள், அப்பாவைத் தங்கள் அப்பா மாதிரி பார்த்துக்கொண்ட தாதியர், டிக்கெட்டை மாற்றித் தந்த தம்பி, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. எங்கள் வேன் ஓட்டுநர் அண்ணன். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சயாம் மொழி தெரியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டத்திலிருந்து தாத்தாவை ஏற்றிப் போனபோது அவருக்கு 23 வயது. அப்பா அப்போது பாட்டி வயிற்றில். மூன்று மாத வேலை என்றுதான் தோட்டத்தில் சொன்னார்களாம். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. அதற்கு முன்பே தாத்தா காலராவில் போய்விட்டார் என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். ஒரு படம்கூடக் கிடையாது. பாட்டி கடைசிவரை அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'உங்கப்பா' என்பார். அந்தப் பெயரை அப்பா முதலில் தெரிந்துகொண்டது, பள்ளியில் சேர்க்க எடுத்துப்போன பிறப்புப் பத்திரத்திலிருந்து.

அந்தப் பாதையோரம் நின்று ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றுதான் அப்பா இந்த வயதில் கிளம்பினார். முதல் நாள் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஏறக்குறைய 7,000 பேர், அதே பாதை வேலையில் செத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். கல்லுக்குக் கல் பெயரும் வயதும். அந்தப் பையன்களும் பாவம்தான். அவர்களைவிடப் பல மடங்கு செத்த தோட்டத்து ஆட்களுக்கு அங்கே ஒரு கல் இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவுதான் விழுந்தார். பாதையைப் பார்க்கவே இல்லை.

நான்காம் நாள் அந்த அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து தன் போனை நீட்டினார். 'தாத்தாவின் பெயர் என்ன?' என்று திரையில் தமிழில் இருந்தது. சொன்னேன். வேனுக்கு எண்ணெய் போட்ட ரசீதின் பின்பக்கத்தில் தன் எழுத்தில் எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் மீண்டும் போனோடு வந்தார். அதில் ஒரு வீடியோ. ஆற்றோரம் ஒரு புத்தர் கோயில். பிக்குகள் ஓதுகிறார்கள். இவர் சின்னக் கிண்ணத்திலிருந்து ஒரு மரத்தடியில் தண்ணீர் வார்த்தபடி ரசீதைப் பார்த்துத் தாத்தாவின் பெயரைச் சொல்கிறார். மூன்று தடவை. பெயரில் ஒரு 'ழ' உண்டு. அவருக்கு அது 'ல' என்றுதான் வந்தது.

இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த அப்பா கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். 'ழ' என்றார். திருத்தினார்! அப்புறம், 'இன்னொரு தடவை போடு.'

என் மகனுக்கும் இப்போது 23 வயது. கட்டில் ஓரத்தில் அவன்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வயதில் ஒருவன் எவ்வளவு சின்னப் பிள்ளை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் தாத்தா என்றதும் ஒரு கிழவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா தேறியதும் திரும்பப் போவோம், இந்தத் தடவை பாதைக்கே. உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் 'இன்னாருடைய அப்பா', 'இன்னாருடைய அண்ணன்' என்றாவது எழுதுங்கள். எல்லாவற்றையும் அங்கே வாய்விட்டுப் படிக்கிறேன்.