உப்பா ஹைப்போவா என்று கேட்கும் முன் கிணற்றைப் பாருங்கள்: நம் மனைப்பிரிவு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான சுற்றறிக்கை நேற்று வந்து சேர்ந்தது. அழகர் கோயில் சாலையில் இருக்கும் நம் மனைப்பிரிவில் நீச்சல் குளம் உள்ள 9 வீடுகளும் ஆறு மாதத்துக்குள் உப்பு குளோரினேட்டர் என்ற கருவிக்கு மாறிவிட வேண்டும், சங்கமே மொத்த விலை பேசி வாங்கித் தரும் என்று அதில் இருக்கிறது. காரணம் இரண்டே வரி: குளோரின் இல்லாத இயற்கை நீர் கிடைக்கும், அன்றாட வேலை மிச்சம். நான் அந்தக் கருவியை இரண்டரை வருடம் வைத்திருந்தவன். இப்போது ஹைப்போ எனப்படும் திரவக் குளோரினைக் கையால் ஊற்றுகிறவன். அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த இரண்டு வரிகளும் தவறு. ஆனால் இந்த மடலை எழுதவைத்தது சுற்றறிக்கையில் இல்லாத வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குளோரின். சமையல் உப்பே சோடியம் குளோரைடுதான். உப்பு கரைந்த நீர் கருவிக்குள் இருக்கும் டைட்டானியம் தகடுகளுக்கு நடுவே ஓடும்போது மின்சாரம் அதிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. ஹைப்போ கேனில் இருப்பது ஆலையில் காய்ச்சியது என்றால் இது வீட்டிலேயே காய்ச்சியது. நீரில் கலந்தபின் கிருமியைக் கொல்வது இரண்டிலும் ஒரே பொருள். மூக்கில் ஏறும் நெடியும் கண் எரிச்சலும் குளோரின் மிகுதியால் வருவதில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து அது குளோரமீன் ஆவதால்தான் பெரும்பாலும் வருகின்றன. இறங்கும் முன் குளிக்கச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டினாலே பாதி தீரும். கருவியின் பக்கம் ஒரு நியாயம் உண்டு: மோட்டார் ஓடும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினை விடுவதால் நீர் ஒரே சீராக இருக்கிறது, உடம்புக்கும் இதமாக இருக்கிறது. என் பேத்திக்கு அதுதான் பிடித்திருந்தது.

கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் நம்மில் பலர். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டார்களே, அங்கே யார் குளோரின் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கிணற்றில் தினமும் பம்புசெட் ஓடியது, ஊற்று புதுநீரைக் கொடுத்தது. நம் குளத்தில் மாதக்கணக்கில் அதே நீர்தான் சுற்றி வருகிறது.

இனி வேலை. நம் போர்த் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பதை வெந்நீர் அண்டாவின் அடியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அதே வெள்ளைப் படிவு தகடுகளிலும் ஏறுகிறது. முதல் கோடையில் கருவியைக் கழற்றிப் பார்த்தபோது தகடுகளின் இடைவெளியே தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு கரைந்தது. அப்படிக் கழுவக் கழுவத் தகட்டின் பூச்சும் தேயும். சில வருடங்களில் தகடுகள் அடங்கிய அந்த செல்லையே மாற்ற வேண்டிவரும். கருவியின் விலையில் பெரும்பகுதி அதுதான். போதாததற்கு இந்த முறையில் நீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, ஏறிக்கொண்டே போகும். 7.2க்கும் 7.8க்கும் இடையில் அதை நிறுத்த வாரம்தோறும் அமிலம் ஊற்றியாக வேண்டும். இரண்டாவது வருடம் கத்திரி வெயிலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் கருவியும் நின்றுவிடும். மூன்றாம் நாள் காலையில் குளம் பாசிப்பருப்பு ஊறவைத்த தண்ணீர்போல இருந்தது. கையில் ஒரு கேன் ஹைப்போ இருந்திருந்தால் ஊற்றி, நீண்ட பிரஷ்ஷால் கலக்கிவிட்டுச் சமாளித்திருப்பேன். கருவி இருக்கும் தைரியத்தில் வாங்கி வைக்கவில்லை.

கையால் போடும் முறையை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அதில் நான் செய்த முட்டாள்தனம் இதைவிடப் பெரியது. கருவியை நிறுத்தியதும், மிதவையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று குளோரின் மாத்திரைக்குப் போனேன். அந்த மாத்திரையில் சயனூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதற்கு அது ஓரளவு தேவை. அது இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் பாதி குளோரின் போய்விடும். ஆனால் அது எளிதில் அழியாமல் நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும் பொருள். அளவு மீறினால் குளோரினின் கையைக் கட்டிப்போடுகிறது. மூன்று மாதத்தில் சோதனைக் குப்பியில் குளோரின் நன்றாகக் காட்டியது. குளமோ கலங்கிக் கிடந்தது. பாதி நீரை வெளியேற்றிவிட்டு லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினேன்.

இப்போது ஹைப்போ. என் குளம் 50,000 லிட்டர். கோடையில் நாளுக்கு ஒன்றரை லிட்டர், 10 சதவீத ஹைப்போ, பொழுது சாய்ந்தபின் ஊற்றுகிறேன். கேனை நிழலில் வைக்காவிட்டால் வாரக்கணக்கில் வீரியம் இறங்கிவிடும். அமிலக் கேன் தோட்டத்தின் மறுமூலையில் இருக்கிறது. இரண்டும் கலந்தால் விஷவாயு. காலையில் குப்பியில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கருவி வைத்திருந்த காலத்திலும் இந்த இரண்டு நிமிடம் தேவைப்பட்டது. நான்தான் பார்க்கவில்லை.

ஆக, எது வேண்டும் என்பதை அந்தந்த வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும். அடிக்கடி வெளியூர் போகிறவர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர், பிஹெச் பார்க்கச் சோம்பாதவர் என்றால் கருவி வாங்கட்டும். சங்கம் தலையிட வேண்டிய இடம் வேறு.

கிழக்கு மதிலுக்கு அப்பால் இருக்கும் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு உரியவர் அந்த நீரில்தான் மல்லி பயிரிடுகிறார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லிதான். போன மாதம் மதிலோரம் நின்றபோது, "என்ன ஐயா, கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறதே" என்றார். மழை குறைந்ததாலும் இருக்கலாம், நம் குளங்களால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் 9 வீட்டு ஃபில்டர்களின் பேக்வாஷ் நீரும், அதாவது ஃபில்டரை எதிர்த்திசையில் கழுவி வெளியேற்றும் நீரும், மழைநீர் வாய்க்காலில் இறங்கி, அந்தக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளித் தேங்கி நிற்கிறது.

கருவிக்கு லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்பு வேண்டும். கடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு என்று விற்பனையாளர் சொல்வார், அது உண்மைதான். ஆனால் குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்கதாகச் சொல்லும் மொத்தக் கரைபொருள் அளவு லிட்டருக்கு அரை கிராம்தான். என் குளத்துக்கு 175 கிலோ உப்பு. ஒன்பது குளங்களும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால் தூத்துக்குடியிலிருந்து ஒன்றரை டன்னுக்கு மேல் வந்திறங்கும். உப்பு ஆவியாகாது. வாரம் 600 லிட்டர் பேக்வாஷ் என்றால் ஒரு வீட்டிலிருந்து இரண்டு கிலோ உப்பு வெளியேறும்; ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டன். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிவது இந்தக் கணக்கில் சேராது.

இந்தக் கணக்கைப் போட்டபோது, கருவிக்கு எதிராக நல்ல வாதம் கிடைத்ததென்று மகிழ்ந்தேன். பிறகு என் ஹைப்போவுக்கும் கணக்குப் போட்டேன். வேலை முடிந்த குளோரினும் கடைசியில் உப்பாகத்தான் மாறுகிறது. தினம் ஒன்றரை லிட்டர் ஹைப்போ கால் கிலோ உப்பை விட்டுச் செல்கிறது. ஆண்டுக்கு எழுபது, எண்பது கிலோ. கருவி வைத்த குளம் முதல் நாளிலேயே கரிக்கும், என்னுடையது ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கரிக்கும், அவ்வளவுதான். நானும் அதே வாய்க்காலில்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனவே ஞாயிறன்று கருவித் தீர்மானத்தை ஒத்திவைத்துவிட்டு வாய்க்காலைப் பேசுங்கள். பேக்வாஷ் தேவைப்படாத கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்கு மாறினால் வெளியேறும் நீர் வெகுவாகக் குறையும். மாறாதவர்களுக்காகப் பூங்காவின் வடமேற்கு மூலையில் தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ஆழமில்லாத ஆவியாக்கும் தொட்டி ஒன்று கட்டலாம். நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வீட்டு நீருக்கும் சுமார் நான்கு சென்ட் இடம் போதும். நம் மனைப்பிரிவுக்கென்று ஒரு குட்டி உப்பளம், சிரிப்பாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் அதற்குக் கூரை வேண்டுமா, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துக் கேட்க வேண்டும். மொத்த விலை பேசும் திறமையை அங்கே காட்டுங்கள்.

கூட்டத்துக்கு முன் காலை ஆறரை மணிக்குக் கிழக்கு மதிலுக்கு வாருங்கள். கிணற்றுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வாளி போட்டு நீர் இறைத்துத் தருவார். உப்பளவு காட்டும் சிறிய மீட்டர் என்னிடம் இருக்கிறது. வாய்க்கால் நீரையும் கிணற்று நீரையும் அடுத்தடுத்து அளந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
கிழக்குக் கடைசி வீட்டுக்காரன்