அந்த ஐந்து பேர் எங்கே, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்கில் வெற்றி நாளுக்காக நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். டோலோலிங், டைகர் ஹில், பட்டாலிக் என்று வரைபடம் எல்லாம் போட்டு உழைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்துப் பெட்டிச் செய்தியில் விமானப்படை என்று தலைப்பிட்டு ஒரே ஒரு வரி போட்டிருந்தீர்கள். "இழப்பு: இரண்டு போர் விமானங்கள், ஒரு ஹெலிகாப்டர்." அவ்வளவுதான். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவை ஆள் இல்லாமலா பறந்தன?

யார் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. 1999 மே 26-ம் தேதி கார்கிலில் விமானப்படையின் தாக்குதலான 'ஆபரேஷன் சஃபேத் சாகர்' தொடங்கியது. மறுநாளே ஃபிளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27 தாக்குதலின்போது எஞ்சின் அணைந்துபோய், அவர் பாராசூட்டில் குதித்தார். அவர் எங்கே விழுந்தார் என்று தேடி, திரும்பிப் போகாமல் அந்த இடத்தைச் சுற்றிப் பறந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா. அவருடைய மிக்-21 மீது ஏவுகணை பாய்ந்தது. நச்சிகேதா சிறைபிடிக்கப்பட்டு ஜூன் 3-ம் தேதி விடுவிக்கப்பட்டார், நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அஹுஜா பிணமாகத்தான் வந்தார். வீர் சக்ரா கொடுத்தார்கள். கூட இருந்தவனைத் தேடப் போய் உயிரை விட்ட மனிதரை நீங்கள் "இரண்டு போர் விமானங்கள்" என்ற மூன்று சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டீர்கள்.

அதற்கு அடுத்த நாள், மே 28. "ஒரு ஹெலிகாப்டர்" என்று நீங்கள் எழுதியது உத்தரப் பிரதேசத்தின் சர்சாவா விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த 152-வது ஹெலிகாப்டர் யூனிட்டின் எம்.ஐ.-17. டோலோலிங் மேல் ராக்கெட் தாக்குதல் நடத்திவிட்டு விலகும்போது, தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை அதை அடித்தது. ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃபிளேர் வசதி அந்த ஒரு ஹெலிகாப்டரில் இல்லை என்று பிறகு எவ்வளவோ பேர் எழுதியாகிவிட்டது. அதில் இருந்தவர்கள் ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், ஃபிளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ஆர்.கே. சாஹு. நால்வருக்கும் மறைவுக்குப் பின் வாயு சேனா பதக்கம் வழங்கப்பட்டது. முகிலன் என்ற பெயர் கண்ணில் பட்டிருந்தாலாவது ஒரு தமிழ் இதழுக்குச் சற்று நின்று பார்க்கத் தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். தோன்றவில்லை.

நான் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்து சார்ஜென்ட்டாக வெளியே வந்தவன். எம்.ஐ.-8, எம்.ஐ.-17 இரண்டிலும் எஞ்சின் வேலை. கார்கில் நடந்தபோது நான் கிழக்கே வேறு ஒரு யூனிட்டில் இருந்தேன், மலைக்குப் போகவில்லை. ஆனால் அந்த ஹெலிகாப்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் ஐயா. அது சரக்கும் ஆளும் ஏற்றுவதற்கென்று செய்த வண்டி. பெரிய உடம்பு, மிக் போல வந்து அடித்துவிட்டுப் பறந்தோட முடியாது. சுமார் 15,000 அடி உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினே திணறும். அந்த உயரத்தில், பக்கவாட்டில் ராக்கெட் பாட்களைக் கட்டிக்கொண்டு, மேலே பங்கரில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்கு நேராக அதை ஓட்டிப் போவது என்றால் என்ன என்று எழுதிப் புரியவைக்க எனக்கு எழுத்துத் திறமை போதாது.

எங்களிடம் எஃப்-700 என்று ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒன்று. பறக்கும் முன் எஞ்சின், ஏர்ஃப்ரேம், எலக்ட்ரிக்கல், ஆயுதம் என்று ஒவ்வொரு டிரேடுக்காரனும் தன் பங்கைப் பார்த்துவிட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக கேப்டன் போட்டுவிட்டு ஏறுவார். இறங்கி வந்ததும் எவ்வளவு நேரம் பறந்தது, எங்கே என்ன சத்தம் கேட்டது என்று எழுதுவார். வண்டி வரவில்லை என்றால் அந்தப் பதிவேட்டை உடனே பூட்டி விசாரணைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கீழே நிற்கிற நாங்கள் அப்போதிலிருந்து நம் கையெழுத்தை நினைத்துக்கொண்டுதான் சோறு தின்போம். எங்கள் யூனிட்டில் ஒருமுறை அப்படி நடந்தது. அது போர் இல்லாத காலம். போனவனுடைய பெட்டியைத் திறந்து சாமான்களைப் பட்டியல் எடுக்கிற வேலை எனக்கும் வந்தது. ஷேவிங் செட், இரண்டு ஸ்வெட்டர், தபால் ஆபீஸ் பாஸ்புக், தையல்காரர் கொடுத்த ரசீது. சட்டை இன்னும் கடையில்தான் இருந்தது. நாங்கள் போய்க் காசு கொடுத்து வாங்கி, அதையும் அந்தப் பெட்டியில் வைத்துத்தான் அவன் வீட்டுக்கு அனுப்பினோம். "ஒரு ஹெலிகாப்டர்" என்று எழுதுகிறவர்களுக்கு அந்தச் சட்டையை யாராவது காட்டியிருக்க வேண்டும்.

இது உங்கள் இதழ் மட்டும் செய்கிற காரியம் என்று சொல்ல மாட்டேன். பெயர் போடுகிற பத்திரிகைகளும் விமானிகளின் பெயரை மட்டும் போட்டுவிட்டு "மேலும் இருவர்" என்று முடித்துவிடுவார்கள். யார் அந்த மேலும் இருவர்? பிரசாத்தும் சாஹுவும். விமானி இல்லாமல் பறக்காது, சரி, ஒத்துக்கொள்கிறேன். பின்னால் இருப்பவன் இல்லாமல் மட்டும் பறந்துவிடுமா? அடிபட்டபோது ரேங்க் பார்த்தா அடித்தது? எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சுதந்திர தினத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறும் முன் நிகழ்ச்சி நடத்தியவர் வந்து "சார், நீங்க பைலட்தானே?" என்று கேட்டார். இல்லை, சார்ஜென்ட், எஞ்சின் ஃபிட்டர் என்றேன். முகம் மாறிவிட்டது. கொடியேற்றும் வரை என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மாலை போடாதது பற்றி வருத்தமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பிரசாத், சாஹு இருவரைப் பற்றியும் சொல்லலாம் என்று எழுதி வைத்திருந்த தாள் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது, அதுதான் வருத்தம்.

அப்புறம் படம். சில ஆண்டுகளுக்கு முன் இதே கார்கில் கட்டுரைக்கு நீங்கள் போட்டிருந்த ஹெலிகாப்டர் படம் அமெரிக்க அப்பாச்சி. 1999-ல் நம்மிடம் அப்பாச்சியே கிடையாது, 2019-ல்தான் பதான்கோட்டில் சேர்ந்தது. அதற்கும் அப்போதே கடிதம் எழுதினேன். வெளியிடவும் இல்லை, பதிலும் இல்லை.

2016 ஜூலை 22-ம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 சரக்கு விமானம் உங்களுக்கு நினைவிருக்கும். 29 பேர். அது போர் இல்லைதான், ஆனால் நம் வாசலில் இருந்து கிளம்பிப் போனது. காணாமல் போன வாரத்தில் பக்கம் பக்கமாக எழுதினீர்கள், அழுதுகொண்டிருந்த வீடுகளுக்குள் கேமரா போனது. 2024 ஜனவரியில் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடந்ததை நம் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் கருவிதான் படம் பிடித்தது. ஏழரை ஆண்டு காத்திருந்த குடும்பங்களுக்கு வந்த சேதி அது. உங்கள் இதழில் அதை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நந்தம்பாக்கம் வழியாகப் போகும்போது அந்தப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் செத்தவர்கள். அதிகாரியாக இருந்தாலும் சாதாரண சிப்பாயாக இருந்தாலும் ஒரே மாதிரியான கல்தான். ரேங்க்கைக் கல்லில் எழுதுவார்கள், கல்லின் அளவில் காட்ட மாட்டார்கள். வெள்ளைக்காரன் அதை எதற்குச் செய்தான் என்ற விவாதம் எனக்கு வேண்டாம், செய்திருக்கிறான். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் கிரானைட்டில் பெயர் பெயராகத்தான் பொறித்திருக்கிறார்கள், எத்தனை விமானம் போயிற்று என்ற கணக்கையா எழுதி வைத்திருக்கிறார்கள்? சர்சாவாவில் 2024 ஜூலையில் கார்கில் வெள்ளி விழா நடத்தியபோது விமானப்படை கொடுத்த செய்திக்குறிப்பில் எம்.ஐ.-17-ல் போன நான்கு பெயரும் ரேங்க்கோடு இருந்தன. உங்கள் மேசைக்கும் அது வந்திருக்கும்.

அந்த நால்வர் போனதற்குப் பிறகுதான் ஆயுதம் ஏந்திய எம்.ஐ.-17-களை அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள். போர் விமானங்கள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்தில் பறந்து தாக்கத் தொடங்கின. டைகர் ஹில் மீது மிராஜ் லேசர் குண்டு போட்டதைப் பற்றி நீங்கள் அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த மிராஜ் ஏன் அவ்வளவு உயரத்தில் பறந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த ஐந்து பேரும் தானாகவே அந்தப் பக்கத்துக்குள் வந்திருப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே அளவில், அதே கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி. அஜய் அஹுஜா, ராஜீவ் புண்டிர், எஸ். முகிலன், பி.வி.என்.ஆர். பிரசாத், ஆர்.கே. சாஹு. ஐந்து பேரையும் ரேங்க்கோடு, ஒரே எழுத்து அளவில் போடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டாம், பெயர்களை மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.