கோடிட்ட இடத்துக்கு ஒரே விடைதானா?

பள்ளித் தேர்வுகளுக்கு ஆங்கில வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு சொல்லுக்குப் பின்னால் கோடு போட்டு, 'சரியான பிரிப்பொசிஷனால் (டு, வித், ஆஃப் போன்ற சிறு சொல்லால்) நிரப்புக' என்று கேட்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

'ஷீ இஸ் குட் ___ சில்ட்ரன்' என்று மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் எதை எழுதுவார்கள்? 'வித்' போட்டால் குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர். 'டு' போட்டால் அவர்களிடம் அன்பாக நடப்பவர். இரண்டும் நல்ல ஆங்கிலம்தான். விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும், மற்றதை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போச்சு. 'டிஃபரென்ட்' கதையும் இதுதான். 'ஃப்ரம்' எங்கும் செல்லும். 'டு' பிரிட்டனிலும் 'தேன்' (than) அமெரிக்காவிலும் புழங்குகின்றன. 'ஃப்ரம்' மட்டும் கற்றுக்கொடுங்கள், சரி. மற்றவற்றை ஏன் சிவப்பு மையால் அடிக்க வேண்டும்?

பிள்ளைகள் உண்மையிலேயே சறுக்கும் இடங்கள் வேறு. அவன் மேல் கோபம், அவள் மேல் பொறாமை என்று பேசிப் பழகியவர்கள் 'ஆங்ரி ஆன்', 'ஜெலஸ் ஆன்' என்கிறார்கள். அவரோடு கல்யாணம் என்பது 'மேரீட் வித்' ஆகிவிடுகிறது. தமிழில் ஒருவரை நம்புகிறோம், ஒருவருக்கு உதவுகிறோம், ஒருவரிடம் கேட்கிறோம். எதற்கு எந்த உருபு என்று நமக்கு யாரும் பட்டியல் போட்டுத் தரவில்லை. சொல்லோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்தையும் அப்படித்தான், 'மேரீட் டு', 'ஜெலஸ் ஆஃப்' என்று ஜோடியாகவே காதில் போட வேண்டும்.

சிலவற்றுக்குக் காரணமும் உண்டு. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். அதனால்தான் 'தேன்' ஏற்காமல் 'டு' கேட்கின்றன. வகுப்பில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள் நிறையவே இருக்கின்றன. 'இன்க்ரீஸ் இன்' என்றால் எது கூடியது என்று வரும், 'இன்க்ரீஸ் ஆஃப்' என்றால் பெரும்பாலும் எவ்வளவு கூடியது என்று வரும். 'ரெஸ்பான்ஸிபிள் ஃபார்' நம் பொறுப்பில் இருக்கும் வேலையைச் சொல்கிறது; 'ரெஸ்பான்ஸிபிள் டு' நாம் பதில் சொல்ல வேண்டிய ஆளைச் சொல்கிறது. இரண்டு வாக்கியங்களையும் அச்சிட்டு, பொருள் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். விளக்கத்தைத் தமிழில் எழுதவிட்டாலும் பாதகமில்லை.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். அச்சுக்குப் போகும் முன், விடைக்குறிப்பைக் காட்டாமல் வேறு இரண்டு ஆசிரியர்களிடம் அந்தக் கோடுகளை நிரப்பச் சொல்லுங்கள். அவர்கள் விடை ஒத்துப்போகாத கேள்வியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர்