அக்கா மகளுக்கு ஒரு வேலை

அட்டன்

அன்புள்ள ராணி,

சுகம்தானே? இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சுகம். மழைதான் விட்டபாடில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா மகள் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மகளிர் கற்கையில் முதுமாணி முடித்துவிட்டாள். சந்தோஷம் அடங்குவதற்குள் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "இதைப் படித்து என்ன உத்தியோகம்?" சின்ன மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, விரலை ஆட்டிக்கொண்டு, "ஆசிரியர் நியமனத்துக்குப் போடு" என்கிறார். டீச்சர் வேலை நல்ல வேலைதான். ஆனால் மலையகத்தில் படித்த பெண்ணுக்கு அது ஒன்றுதான் என்று யாரடி எழுதி வைத்தது?

போன மாதம் நடந்ததைக் கேள். மேல் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பெண் ஒருத்தியைப் புருஷன் அடித்துக் கை வீங்கிவிட்டது. அந்தக் கையோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். கொழுந்து நிறை வராததால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள். பிறகு பொலிசுக்குப் போனாள். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். பிரதியை நம் பிள்ளை வாசித்தால், "குடும்பத் தகராறு, சமாதானமாகிவிட்டது" என்று இருக்கிறது! அப்படியொரு சமாதானம் நடந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது.

பிள்ளை பதறவில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதிக்கப்பட்டவளே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை கிடைக்கும் என்று விளக்கி, சட்டத்தரணி ஒருவரையும் தேடிப் பிடித்தாள். இடைக்காலக் கட்டளை வந்துவிட்டது. அவன் இப்போது அந்த லயத்துப் பக்கம் வருவதில்லை. இதற்குச் சம்பளம் கொடுக்கத்தானே வேண்டும், ராணி?

கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்; தோட்டப் பெண்களிடம் தமிழில் பேச ஆள் வேண்டாமா? ஆய்வு என்றால் கொழும்பில் 1984 முதல் சென்வோர் (CENWOR) என்ற பெண்கள் ஆய்வு நிலையம் இருக்கிறது. 2024இல் வந்த பெண்கள் வலுவூட்டல் சட்டம் தேசிய மகளிர் ஆணைக்குழுவுக்கு வழி செய்திருக்கிறது. அப்புறம் தொழிற்சங்கம். கொழுந்து பறிப்பதும் சந்தா கட்டுவதும் பெரும்பாலும் பெண்கள், சம்பளப் பேச்சுக்கு உட்காருவது ஆண்கள். 1984 வரை நம் அம்மாமாருக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான். மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் பாடிச் சங்கம் வளர்த்த மலை இது. இங்கே இவளுக்கு ஒரு நாற்காலி இல்லையா?

அக்காவின் பயமும் நியாயம்தான். ஆய்வு, அமைப்பு என்று போனால், திட்டப் பணம் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும், ஓய்வூதியம் கிடையாது. அதனால் அரசாங்கப் போட்டிப் பரீட்சைக்கும் படி என்று சொல்லியிருக்கிறேன். படிக்கிறாள்.

நீ முன்பு வேலை செய்த இடத்தில் இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துச் சொல். சிங்களம் நன்றாக வாசிப்பாள், எழுதுவாள். அதை மறக்காமல் சொல். மாமா அடுத்த ஞாயிறு நியமனப் படிவத்தோடு வருகிறாராம், அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
செல்வி